உண்டியலில் நுழையாத வெள்ளி

கொழும்பு,
28-11-1956

ஜுனைதாவுக்கு, உன் மச்சான் காதர் மைதீன் எழுதுவது. வேறு எதையும் படிப்பதற்கு முன்னால் இதைப் படித்துக்கொள்: நான் உயிரோடு இருக்கிறேன். கை, கால், கண் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. தந்தி கிடைத்திருக்கும். தந்தி ஆபீஸில் கையில் இருந்த காசுக்கு அவ்வளவுதான் எழுதிக் கொடுக்க முடிந்தது.

கீழக்கரையை விட்ட மறுநாளே காற்று திரும்பிவிட்டது. பாக்கர் அண்ணன் தோணி ஓட்டியே தலை நரைத்த தண்டல். அவர் தோணியில் ஏறினால் தூங்கிக்கொண்டே கொழும்புக்குப் போகலாம் என்று உன்னிடம் பெருமையடித்துவிட்டுத்தான் ஏறினேன். அவரே "ஏலே, பாயை இறக்குங்கடா" என்று கத்திய குரலைக் கேட்டதும் கலிமாச் சொல்லிக்கொண்டே பாய்க்கயிற்றைப் பிடித்தேன். மிளகாய் மூட்டை, கூரை ஓடு எல்லாவற்றையும் கடலில் தள்ளினோம். கடைசியில் கற்பிட்டிக் கரையில் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். இதை உன் அண்ணன்மாரிடம் சொல்லாதே.

ஹாஜா முகைதீனின் தோணி எங்களுக்குப் பின்னால்தான் வந்தது. இருட்டுவதற்கு முன்னால் அதன் பாயைப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. அவனும் வேறு எங்காவது கரை ஒதுங்கியிருப்பான். அவன் பெண்டாட்டி மலிகாவிடம் அப்படியே சொல். சின்ன வாப்பா மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் கெட்டிக்காரத் தண்டல்.

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, பெர்மிட் வரும் வரை உன்னிடம் விட்டுவிட்டு வந்தேனே, அந்த வெல்வெட் பெட்டி. அதில் இருக்கும் வெள்ளி மெடல் பத்திரமா? உனக்கு என் துரையின் கிறுக்கு முழுதாகத் தெரியாது. டி வோஸ் துரை தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டு, கைக்குள் அடங்காத வெள்ளிக் காசும் மெடலுமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ராஜாவுக்குப் பட்டம் கட்டினால் ஒன்று, சண்டையில் ஜெயித்தால் ஒன்று, பாலம் திறந்தால் ஒன்று என்று சீமையில் அடித்துவிடுகிறார்கள். காசு என்று பேர், கடையில் நீட்டினால் சில்லறை தரமாட்டான், சிரிப்பான். அதையெல்லாம் துடைக்காமல் துடைத்து, தொடாமல் தொட்டு, இழுப்பறையில் அடுக்கி வைப்பதுதான் என் உத்தியோகம்.

உன்னிடம் இருப்பதற்காக இழுப்பறையில் ஒரு குழி வெட்டி வெல்வெட் ஒட்டித் தயாராக வைத்திருக்கிறார். காலையில் காபி குடித்ததும் அதைத் திறந்து குழியைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. மெடலை வாங்கியது அவர் பணத்தில், பொருள் வீட்டில் இருக்கிறது என்பதற்கு என் வாய் ஒன்றே சாட்சி.

ஜமீன் வீட்டில் அதை எனக்கு வாங்கிக் கொடுத்த சாயல்குடி முத்துராமலிங்கம், கருப்பட்டி வியாபாரமாக அடுத்த மாதம் ரயிலும் கப்பலுமாக இங்கே வருகிறார். பெர்மிட் அவர் பெயரில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் பெட்டியை அவரிடம் கொடுத்துவிடு. அதுவரை அதைப் புளி போட்டுத் தேய்க்காதே. அந்தக் கறுப்புக்குத்தான் துரை ஆசைப்படுகிறார்.

காதர் மைதீன்


கீழக்கரை,
4-12-1956

மச்சான் அவர்களுக்கு ஜுனைதா சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பிரித்தேன். பிரித்த பிறகு திட்டினேன். ஒரு பக்கம் உங்கள் உயிர், ஒன்றரைப் பக்கம் துரையின் இழுப்பறை!

தந்தி வரும் வரை இந்த வீடு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் உங்களைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா, மீன் என்ன விலை என்று பேசினார்கள். மௌத்தான வீட்டில்தான் அப்படிப் பேசுவார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. காற்றில் கதவு ஆடினால் எழுந்து ஓடினேன்.

கடல் முடிச்சு போட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், வெள்ளிக் காசைக் கழுவி, பச்சைத் துணியில் முடிந்து, தர்காவில் அடங்கியிருக்கும் கப்பலடி அப்பாவை நினைத்து உத்திரத்தில் தொங்கவிட வேண்டும். ஆள் கரை சேர்ந்த சேதி வந்த பிறகுதான் இறக்க வேண்டும், அவிழ்க்காமல் தர்கா உண்டியலில் போட வேண்டும். ஆனால் வெள்ளிக்கு எங்கே போவேன்? இப்போது வரும் ரூபாயெல்லாம் நிக்கல். பழைய வெள்ளி ரூபாயை எல்லாம் எப்போதோ உருக்கியாயிற்று. என் தண்டையை உங்கள் தங்கச்சி நிக்காவுக்கு நீங்களே கழற்றிக் கொடுத்தீர்கள்.

அதனால் உங்கள் துரையின் மெடலை எடுத்தேன். தேய்க்கவில்லை, பன்னீரில் கழுவினேன். அந்த ராணியம்மா முகத்தைத் துணிக்குள் குப்புறப் போட்டு முடிந்தேன். யாருடைய பொருள் என்று தெரிந்துதான் செய்தேன். துரைக்கு இழுப்பறை நிறைய இருக்கிறது, எனக்கு நீங்கள் ஒருவர்தான். முடிச்சு போட்ட அதே வாரம் உங்கள் தந்தி வந்தது. இறக்கியபோது தெருவே வந்து சர்பத் குடித்தது.

மலிகா வரவில்லை. அவளும் முடிச்சு போட்டிருக்கிறாள், நிக்கல் ரூபாயில். ஹாஜா முகைதீனைப் பற்றி இன்னும் ஒரு சேதியும் இல்லை. "நிக்கலை அப்பா ஏத்துக்குவாகளா?" என்று யாரோ ஒருத்தி அவள் காதில் விழும்படி கேட்டுவிட்டாள். அவளைக் கடலில் தள்ளலாம் போல இருந்தது எனக்கு.

வியாழக்கிழமை தர்காவுக்குப் போய் முடிச்சை உண்டியலில் போட்டுவிட்டு வருகிறேன். துரையிடம் கடலில் போய்விட்டது என்று சொல்லுங்கள். அப்பாவுக்கு நேர்ந்ததை மனிதர்கள் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜுனைதா


கொழும்பு,
8-12-1956

ஜுனைதா,

உன் கடிதம் இன்று வந்தது. வியாழக்கிழமை போய்விட்டது. போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் தர்கா லெப்பையிடம் போய் அழு, விழு, என்ன வேண்டுமானாலும் செய். உண்டியலைத் திறக்கும்போது எடுத்துத் தரச் சொல்.

கடலில் போய்விட்டது என்று சொல்லச் சொல்கிறாயே, எப்படிச் சொல்வது? வந்த அன்றே துரையிடம் "வீட்டில் பத்திரமாக இருக்கிறது" என்று சத்தியம் செய்துவிட்டேன். இப்போது மாற்றிச் சொன்னால் அது திருடன் பேச்சு. நேற்று வாயைத் திறந்துவிட்டார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு இவரைப் போலவே கிறுக்குப் பிடித்த நாலு பேர் வருகிறார்களாம். அவர்கள் முன்னால் அந்த மெடலை எடுத்து வைக்க வேண்டுமாம். அதற்குள் வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில்தான் என்னைப் பார்ப்பாராம். கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

என் பாஸ்போர்ட்டு அவர் பெட்டியில் இருக்கிறது. இந்தியாக்காரன் மேல் திருட்டுக் கேஸ் விழுந்தால் இங்கே யாரும் கேட்பாரில்லை. போன வருஷம் செட்டித்தெருக் கடையில் வேலை பார்த்த நம்ம ஊர்ப் பையன் ஒருவனை ஒரு கைக்கடிகாரத்துக்காக உள்ளே வைத்தார்கள். அவன் வெளியே வந்தபோது அவன் உம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. ராத்திரி படுத்தால் அவன் முகம்தான் வருகிறது.

நீ கடலுக்குப் பயப்படுகிறாய், நான் கரைக்குப் பயப்படுகிறேன். கடலாவது முன்கூட்டிக் காற்றைக் காட்டும்.

உடனே எழுது.

காதர் மைதீன்


கீழக்கரை,
8-12-1956

மச்சான் அவர்களுக்கு,

இதை யாரிடமும் சொல்ல முடியாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அப்பா வாங்கிக்கொள்ளவில்லை.

வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு போனேன். நல்ல கூட்டம். உண்டியல் வாயில் முடிச்சை வைத்தால் போகவில்லை. ரூபாய்க் காசு போகிற வாய் அது. இது சோற்றுக் கரண்டி மாதிரி அகலம். குறுக்கே வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன். லெப்பை வந்து அழுத்தினார். மேல் மூடியைத் திறக்கலாம் என்றால் சாவி தர்கா தலைவர் கையில், அவர் தூத்துக்குடியில். "சீட்டுப் போட்டு மேசை மேல வச்சிட்டுப் போறியா?" என்று லெப்பை கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவி, "அவுக வேண்டாங்குறாக, நீ ஏன் திணிக்கிற?" என்றாள். எல்லார் கண்ணும் என் முதுகில் இருந்தது. முடிச்சை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீடு வரை தலை நிமிராமல் நடந்தேன்.

நேர்ச்சை ஏற்கவில்லை என்றால் என்ன அர்த்தம் மச்சான்? உங்களைக் கடல் கடனாக விட்டு வைத்திருக்கிறது என்றுதானே? அன்று ராத்திரி முழுக்க நீங்கள் படகில் ஏறுவது போலவே கனவு வந்தது. பிள்ளைகள் விளையாட்டுக்குக் கிணற்றில் கல் போட்டால்கூட திடுக்கென்கிறது. நான் சொல்லும் வரை தண்ணீரில் கால் வைக்காதீர்கள், குளிக்கக் கடற்கரைக்குப் போகாதீர்கள்.

மறுநாள் மலிகா வந்தாள். அவள் கண்ணெல்லாம் வீங்கி, தலை வாரி எத்தனை நாளோ. வாசலில் நின்றுகொண்டே பேசினாள்.

"ராத்தா, அப்பா வாங்கலன்னா அதுக்கு வேற அர்த்தம் இருக்கு. அந்த வெள்ளிக்கு இன்னும் வேலை முடியல. ரெண்டு தோணி போச்சு, ஒண்ணுதான் வந்துருக்கு. எனக்குக் கொடுங்க. அவுக வந்ததும் நம்ம ரெண்டு பேருமாப் போயி, பெட்டியத் திறக்கச் சொல்லிப் போடுவோம்."

மச்சான், அவள் சொன்னதைக் கேட்டதும் என் நெஞ்சில் இருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. அப்பா மறுக்கவில்லை, பாதி வேலைதான் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நிக்கல் முடிச்சை அவிழ்த்துவிட்டு இதை அவள் வீட்டு உத்திரத்தில் நானே கட்டிவிட்டு வந்தேன். அவள் பிள்ளைகள் இரண்டும் கீழே நின்று ஆமீன் சொல்லின. அன்றைக்குத்தான் நான் தூங்கினேன்.

முத்துராமலிங்கம் ஐயா வந்தால் கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜுனைதா


கொழும்பு,
12-12-1956

ஜுனைதா,

உண்டியலில் நுழையவில்லை என்று படித்ததும் எழுந்து இரண்டு ரக்அத் தொழுதேன். அதற்குக் கீழே படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அது உண்டியல் வாய், ஜுனைதா. ஆசாரி உளியால் வெட்டியது. அப்பா ஏற்றார், மறுத்தார் என்பதையெல்லாம் தகரத்தில் வெட்டிய ஓட்டையை வைத்தா முடிவு செய்வது? மெடலைக் கையில் அடங்காத அளவுக்கு அடித்ததே, அதைப் பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும் என்றுதான். உண்டியலும் பிளந்திருக்கிறது.

சிரிக்கவில்லை நான். பயம் வந்தால் இப்படித்தான் எனக்கு வாய் கோணும். துரை நேற்று ஒரு சார்ஜெண்டைத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார். நான்தான் தட்டு கொண்டுபோய் வைத்தேன். அந்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவன்தானா?" என்று துரையிடம் கேட்டான்.

மலிகாவிடம் நல்ல வார்த்தை சொல்லி வாங்கிவிடு. அவளுக்கு வேறு வெள்ளி தேடிக் கொடு. யார் காலிலாவது கிடக்கும் கொலுசில் ஒரு துண்டு போதாதா? முத்துராமலிங்கம் இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை கீழக்கரைக்கு வண்டியோடு வருகிறார். அன்று சாயங்காலமே ராமநாதபுரத்தில் ரயில் ஏறினால்தான் கிறிஸ்துமஸுக்குள் இங்கே வர முடியும். மெடல் துரை கைக்கு வந்ததும் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுகிறேன். இனி எந்தத் துரையும் வேண்டாம். ஊரில் வலை பின்னியாவது பிழைத்துக்கொள்வேன்.

காதர் மைதீன்


கீழக்கரை,
16-12-1956

மச்சான் அவர்களுக்கு,

மூன்று தடவை அவள் வாசல் வரை போனேன். மூன்று தடவையும் உப்பு இரவல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். இப்போது வீட்டில் உப்பு நிறைய இருக்கிறது.

எப்படிக் கேட்பேன்? நீங்கள் ஆண்பிள்ளை, "வாங்கிவிடு" என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். அவள் அந்த முடிச்சுக்கு நேர் கீழே பாயைப் போட்டுத்தான் படுக்கிறாள். ஒவ்வொரு வக்த்தும் தொழுதுவிட்டு அதைப் பார்க்கிறாள். முந்தாநாள் பாம்பன் பக்கமிருந்து வந்த மீன்காரன் ஒருவன், நெடுந்தீவில் ஒரு தோணி ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டதாகச் சொன்னான். அதிலிருந்து அவளுக்கு முகத்தில் ரத்தம் ஓடுகிறது. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். "வெள்ளி வேல செய்யுது ராத்தா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாதியில் முடிச்சை இறக்கினால் ஆளையே கடலுக்குக் கொடுத்த மாதிரி என்பார்கள். நான் இறக்கி, ஹாஜாவுக்கு ஏதாவது ஆனால், அவள் ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டாள். நான் இறக்காமல், உங்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்து என் மண்டை வெடித்துவிடும் போல இருக்கிறது. சார்ஜெண்ட் உங்களைப் பார்த்துக் கேட்டதை எழுதியிருக்க வேண்டாம். அந்த ஒரு வரியைத் தினமும் படிக்கிறேன்.

வேறு வெள்ளி தேடினேன். வைத்திருப்பவர்கள் தரமாட்டார்கள், அவர்கள் வீட்டு ஆண்களும் கடலில்தானே இருக்கிறார்கள்.

துரை காலில் விழுந்தாவது இன்னும் ஒரு மாதம் கேளுங்கள். அதற்குள் ஹாஜா வந்துவிடுவான்.

ஜுனைதா


கற்பிட்டி,
17-12-1956

ஜுனைதா,

கதவைச் சாத்திக்கொண்டு இதைப் படி. பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

இரண்டு நாளைக்கு முன்னால் பாக்கர் அண்ணன் துரை வீட்டுக்கு வந்து, துரையிடம் என்ன பொய் சொன்னாரோ தெரியாது, என்னை இங்கே கூட்டி வந்தார். கரையில் ஒதுங்கிய ஒரு ஜனாஸாவைப் பள்ளிவாசலில் வைத்திருந்தார்கள். முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இடுப்பில் பச்சை வார் இருந்தது. வலது கைக் கட்டைவிரல் நசுங்கியிருந்தது. சின்ன வயதில் நானும் அவனும் நங்கூரக் கயிறு இழுத்தபோது நசுங்கிய விரல். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

குளிப்பாட்டி, தொழவைத்து, இங்கேயே அடக்கிவிட்டோம். கபரில் நான்தான் இறங்கினேன். ஹாஜா முகைதீன் இல்லை, ஜுனைதா.

மலிகாவுக்குத் தபாலில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. மௌத்துச் சேதியைக் காகிதத்தில் அனுப்புவது முறையும் இல்லை. அதிராம்பட்டினத்தில் இருக்கும் அவள் அண்ணனுக்குப் பாக்கர் அண்ணன் எழுதியிருக்கிறார். அவர் சனிக்கிழமை வந்து சேருவார். அவர் வந்து, பெரியவர்களை வைத்துக்கொண்டு சொல்லட்டும். அதுவரை உன் வாயிலிருந்து எதுவும் வர வேண்டாம்.

ஆனால் முத்துராமலிங்கம் வெள்ளிக்கிழமையே வருகிறார்.

இனி அந்த வெள்ளிக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. இதை எழுதுவது என் கைதானா என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அவன் கபர் மண் இன்னும் என் நகத்தில் இருக்கிறது, நான் மெடலைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் என்னால் முடியவில்லை, ஜுனைதா. கபரில் இறங்கியபோது அவனுக்காக அழுதேனா, நானும் இப்படிக் கேட்பாரில்லாமல் இங்கேயே கிடந்துவிடுவேனோ என்று அழுதேனா தெரியவில்லை. எப்படியாவது வாங்கிக் கொடுத்துவிடு. நான் ஊருக்கு வர வேண்டும்.

காதர் மைதீன்


கீழக்கரை,
21-12-1956, வெள்ளிக்கிழமை

மச்சான் அவர்களுக்கு,

மெடல் புறப்பட்டுவிட்டது. முத்துராமலிங்கம் ஐயா வெல்வெட் பெட்டியைக் கருப்பட்டிச் சிப்பத்துக்கு நடுவில் வைத்துக் கட்டி, "கவலப்படாதம்மா, பெர்மிட்டு இருக்கு, என் உசிரக் குடுத்தாச்சும் கொண்டுபோயிச் சேத்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் துரையின் குழி நிறைந்துவிடும். சார்ஜெண்டுக்கு இனி உங்களிடம் வேலை இல்லை. நீங்கள் வந்துவிடுவீர்கள்.

இனி நடந்ததை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நான் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும்.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே சுவர். காலையில் முகம் கழுவி, கண்ணுக்குச் சுர்மா போட்டேன், வீக்கம் தெரியாமல் இருக்க. ஜும்ஆவுக்கு ஆண்களெல்லாம் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து முத்துராமலிங்கம் ஐயாவின் வண்டி தெருமுனையில் வந்து நின்றது. நான் மலிகா வீட்டுக்குள் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

என்ன பொய் சொல்லலாம் என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். துணி மாற்ற வேண்டும், பன்னீரில் கழுவ வேண்டும் என்றெல்லாம். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், "மலிகா, அந்த முடிச்ச இறக்கு" என்று மட்டும் வந்தது.

சுளகு அவள் மடியிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். என் சுர்மாவைப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, அதையும் பார்த்தாள். நம் தெருவில் முடிச்சை எப்போது இறக்கச் சொல்வார்கள்? ஒரு காரணத்துக்குத்தான் சொல்வார்கள். அது எனக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை மச்சான், சத்தியமாகத் தோன்றவில்லை.

"வந்துட்டாகளா?" என்றாள்.

நான் உத்திரத்தைப் பார்த்தேன்.

"சொல்லாதீக ராத்தா, சொல்லாதீக! காதர் மச்சான் எழுதுனாகளா? எங்கன இருக்காகன்னு சொல்லாதீக. அவுக வாயாலயே கேக்குறேன்."

அவளே முக்காலியைப் போட்டு ஏறினாள். முடிச்சை இறக்கி நெஞ்சில் வைத்து அழுத்தி, முத்தம் கொடுத்து, என் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் இரண்டையும் இழுத்து, "வாப்பா வாராகடா, வாப்பா வாராக" என்று சொல்லி அதுகள் கன்னத்தையும் கடித்து முத்தினாள். சின்னது வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவைப் பார்த்தது.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அண்ணன் நாளை வரட்டும் என்று நீங்கள் எழுதியதற்காகப் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். வெள்ளி என் கைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அவள் விழுந்து கதறுவாள், தெரு கூடும், யாராவது அதைப் பிடுங்கிக்கொள்வார்கள், வண்டி போய்விடும், உங்களைப் பிடித்துவிடுவார்கள். அந்தப் பயம் ஒன்றுதான் இருந்தது. நான் திரும்பி நடந்தேன். நடக்கவில்லை, ஓடினேன். பச்சைத் துணியைத் தெருமுனையில் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அப்பா என்னை என்ன செய்வார் என்று அப்போது நினைக்கக்கூட இல்லை. இப்போது நினைக்கிறேன்.

தொழுகை முடிந்து ஆண்கள் வந்துவிட்டார்கள். மலிகா வீட்டில் உத்திரம் காலியாக இருப்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சர்பத்துக்குச் சர்க்கரை கடன் கேட்டு ஆள் அனுப்பினாள், நானே அளந்து கொடுத்தேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக அவள் வீட்டுக்குப் போகிறார்கள். நெய்ச்சோறு வாசம் இங்கே வரை வருகிறது. அவள் பாடிக்கொண்டே அம்மியில் அரைக்கிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது. இப்படி அவள் பாடி நான் கேட்டதில்லை.

இப்போதுதான் வந்து என் கதவைத் தட்டிவிட்டுப் போனாள். பெட்டியிலிருந்து அவள் கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டியிருக்கிறாள். எந்த ரயில் என்று மட்டும் சொல்லுங்கள், வேறெதுவும் கேட்கமாட்டேன், பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாள். சொல்கிறேன், போ, இதோ வருகிறேன் என்றேன்.

ஜுனைதா